மாறிவரும் போர்முறை: எல்லையோர வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களிலும், அவற்றை ஒட்டி ஆந்திரப் பக்கம் இருக்கும் நகரி, சத்தியவேடு, தடா பகுதிகளிலும் படைத் தேர்வுக்கும் போட்டித் தேர்வுகளுக்கும் படித்துவரும் தமிழ் இளைஞர்களும், பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிவிட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரும் எங்கள் வாசகர் வட்டத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துள்ளோம். 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலுக்குப் பிறகு இக்கேள்விகள் பெருகின. தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆண்டுகளையும் பெயர்களையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் காரணங்களைப் புரிந்துகொண்டால்தான் கட்டுரைத் தாளில் அவை கைகொடுக்கும்.

போர் அடியோடு மாறிவிட்டது என்கிறார்களே, உண்மையில் எது மாறியிருக்கிறது?

ஆயுதத்தின் பெயர் மாறியதை விட அதன் விலையும், அதைச் செய்யக்கூடியவர்களின் எண்ணிக்கையும் மாறியிருப்பதே பெரிய மாற்றம். குறி தவறாத குண்டு 1991 வளைகுடாப் போரிலேயே இருந்தது. ஆனால் அன்று அது அமெரிக்காவையும் அதன் ஓரிரு கூட்டாளிகளையும் தவிர வேறு யாருக்கும் எட்டாத பொருளாக இருந்ததோடு, அந்தப் போரில் வீசப்பட்ட குண்டுகளிலேயே பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இருந்தது. இன்று அதே துல்லியமுள்ள ஆயுதத்தை ஒரு சிறு பட்டறையில் நான்கு பேர் உட்கார்ந்து பாகங்களைப் பூட்டிச் செய்துவிடுகிறார்கள். புதிய ஆயுதம் கண்டுபிடிக்கப்பட்ட நாளில் போர் மாறுவதில்லை. அது மலிவாகி எல்லார் கையிலும் கிடைக்கும் நாளில்தான் மாறுகிறது. இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலான விடைகள் இந்த ஒரு கருத்திலிருந்தே கிளைக்கின்றன.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ட்ரோன்தான் காரணமா?

ட்ரோனை விளைவு என்று சொல்வதே பொருத்தம்; காரணத்தை நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியில் தேட வேண்டும். உலகம் முழுவதும் நூறு கோடிக்கணக்கில் கைபேசிகள் விற்றதால்தான் சிறிய கேமரா, எடை குறைந்த லித்தியம் பேட்டரி, சாய்வையும் திருப்பத்தையும் உணரும் நுண்கருவி, ஜிபிஎஸ் சில்லு ஆகிய நான்கும் அடிமாட்டு விலைக்கு வந்தன. இந்த நான்கோடு நான்கு விசிறிகளையும் சேர்த்தால் அதுதான் ட்ரோன். தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில் 2015 முதல் ஃபாக்ஸ்கான் நிறுவனம் கைபேசிகளைப் பூட்டிவருவதும், கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஷிஃப்டுக்குப் பேருந்தில் பிள்ளைகள் அங்கு போய்வருவதும் நம் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் பூட்டுவது போர்க்கருவி அல்ல. என்றாலும் போர்க்கருவியை மலிவாக்கிய தொழில் அதுதான். பழைய நாள்களில் படைக்காகச் செய்த பொருள் பிற்பாடு வீட்டுக்கு வந்தது. இப்போது வீட்டுக்காகச் செய்த பொருள் படைக்குப் போகிறது.

போர்க்களத்தில் இதன் விளைவு முதன்முதலில் உரக்கத் தெரிந்தது 2020 செப்டம்பர் 27 அன்று தொடங்கிய நாகோர்னோ-கராபாக் போரில். 44 நாள்களில் முடிந்த அப்போரில் அஜர்பைஜான், துருக்கியின் பைரக்தார் டிபி2 ட்ரோன்களையும், வானில் வட்டமிட்டிருந்து இலக்கின் மேல் தானே பாய்ந்து வெடிக்கும் இஸ்ரேலின் ஹாரோப் கருவிகளையும் கொண்டு ஆர்மீனியாவின் டாங்கிகளையும் வான் பாதுகாப்புக் கருவிகளையும் வரிசையாக அழித்தது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த பிறகு விலை இன்னும் இறங்கியது. கண்ணில் திரைக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா பார்ப்பதையே தானும் பார்த்தபடி ஓட்டும் எஃப்பிவி வகை ட்ரோன் ஒன்றைச் சில நூறு டாலரில் செய்துவிடுகிறார்கள். அது பல கோடி ரூபாய் பெறும் டாங்கியின் பின்புற எஞ்சின் மூடியைத் தேடிப்போய் மோதுகிறது.

இப்படியொரு மாற்றம் நம் பகுதியில் எப்போதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் அந்தச் செய்தி விரிவாகச் சொல்லத் தக்கது. 1780-இல் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியபோது, குண்டூரிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்த கர்னல் வில்லியம் பெய்லியின் ஆங்கிலப் படை, காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர வேண்டியிருந்தது. ஆகஸ்டு கடைசியில் கொசத்தலை ஆற்றங்கரையை அடைந்த பெய்லி, அன்றே ஆற்றைக் கடக்காமல் கரையில் கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கும் மேல் படை அங்கேயே முடங்கியது. மழைக்காலத்தில் இந்த ஆற்றின் குணத்தை அறிந்த நம் ஊர்க்காரர் யாரும் அந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் பெய்லியை வளைத்தனர். (பல்லவ மகேந்திரவர்மன் காலத்திலும் இதே புள்ளலூரில்தான் போர் நடந்தது என்பது ஒரு வியப்பு.) மைசூர்ப் படை ஏவிய ராக்கெட்டுகளில் ஒன்று ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகளின் மேல் விழுந்து, அவை வெடித்த பிறகு அணிவகுப்பு குலைந்தது என்று சொல்லப்படுகிறது. பெய்லி சிறைப்பட்டார். மன்றோ அருகில் இருந்தும் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை.

ராக்கெட் என்ற பொருள் அதற்கு முன்பே ஆசியாவில் பல நூற்றாண்டுகளாக இருந்தது. மைசூர்க்காரர்கள் செய்த புதுமை, மருந்தை இரும்புக் குழாயில் அடைத்ததுதான். தாள், மூங்கில் குழாய்கள் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியதால் ராக்கெட் அதிகத் தூரம் போயிற்று. அதோடு நிற்காமல் ராக்கெட் ஏவுவதற்கென்றே தனிப் படைப்பிரிவுகளையும் அவர்கள் வைத்திருந்தார்கள். கருவி, அதைச் செய்யும் பட்டறை, அதற்கென்று பழகிய ஆள் என்ற மூன்றும் சேர்ந்தபோதுதான் அது போரின் போக்கை மாற்றியது. அதே வேளையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றை ஆராய்ந்து வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டைச் செய்தார். சில ஆண்டுகளுக்குள் ஆங்கிலேயர் அதை ஐரோப்பியப் போர்களில் பயன்படுத்தினர். புதுமையைக் கண்டவரிடமே அதன் மேன்மை தங்கிவிடும் என்பதற்கு அன்றும் உறுதியில்லை.

மலிவான ஆயுதத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டால் போதாதா?

வீழ்த்தலாம், எவ்வளவு செலவில் என்பதுதான் சிக்கல். 2023 நவம்பர் முதல் ஏமனின் கிளர்ச்சிப் படையான ஹூதிகள் செங்கடலில் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, அவர்கள் அனுப்பிய சில ஆயிரம் டாலர் பெறும் ட்ரோன்களை வீழ்த்த அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஒவ்வொன்றும் சுமார் 20 லட்சம் டாலர் பெறும் ஏவுகணைகளைச் செலவிட்டன. ட்ரோன்கள் விழுந்தன என்பது உண்மை. ஆனாலும் பல கப்பல் நிறுவனங்கள் சூயஸ் வழியைக் கைவிட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போயின. தாக்குபவரின் ஆயுதங்களில் பெரும்பாலானவை இலக்கைத் தொடாமலே அவர் நினைத்தது நடந்துவிட்டது.

பணத்தை விடவும் கையிருப்புதான் முதலில் தீர்கிறது. இடைமறிப்பு ஏவுகணை ஒன்றைச் செய்ய மாதக்கணக்கில் ஆகும். ட்ரோன்கள் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வரும். அதனால்தான் உக்ரைன், ரஷ்யா ஏவும் ஈரானிய வடிவமைப்பான ஷாஹெத் ட்ரோன்களை வீழ்த்துவதற்கு லாரியில் பூட்டிய இயந்திரத் துப்பாக்கிகளையும், மலிவான இடைமறிப்பு ட்ரோன்களையும் நாடியது. 2025 மே 8 இரவு பாகிஸ்தான் 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்கள் வரை அனுப்பியதாக இந்திய அரசு விளக்கியபோது, அவற்றுள் பல நம் வான் பாதுகாப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே வந்தவை என்ற கருத்தும் அவ்விளக்கத்தில் இருந்தது. நம் ரேடார் எங்கே விழிக்கிறது, எந்தத் துப்பாக்கி எங்கிருந்து சுடுகிறது என்று அறிந்துகொள்வதற்கு மலிவான ட்ரோனை இழப்பது ஒரு நட்டமே அல்ல.

கடலில் இந்தக் கணக்கு இன்னும் பழையது. 1967 அக்டோபரில் எகிப்தின் சிறு ஏவுகணைப் படகுகள் இஸ்ரேலின் எய்லாத் போர்க்கப்பலை மூழ்கடித்தன. 1971 டிசம்பரில் அதே வகை ஏவுகணைகளைக் கொண்டு இந்தியப் படகுகள் கராச்சியைத் தாக்கின. 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் கருங்கடல் படைத் தலைமைக் கப்பலான மாஸ்க்வா இரண்டு உக்ரைனிய ஏவுகணைகளால் மூழ்கியது. பெரிய கடற்படை எதுவும் இல்லாத ஒரு நாடு, ஆளில்லாப் படகுகளையும் சேர்த்துக்கொண்டு, ரஷ்யக் கப்பல்கள் பலவற்றைக் கிரிமியாவின் செவஸ்தோபோல் துறைமுகத்தை விட்டே கிளம்ப வைத்தது.

ஜிபிஎஸ்ஸை முடக்குவது என்றால் என்ன? அதற்கு ட்ரோன் ஏன் தடுமாறுகிறது?

ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் பக்கத்து நெல்வயல்களில் மருந்து தெளிக்கும் ட்ரோனை ஓட்டுபவர், வரப்பில் வண்டியை வைத்தவுடன் கிளப்பிவிடுவதில்லை. கையில் இருக்கும் ரிமோட்டின் திரையில் எத்தனை செயற்கைக்கோள்கள் பிடிபட்டிருக்கின்றன என்ற எண் ஏறும்வரை காத்திருப்பார். எண் போதுமான அளவுக்கு வந்த பிறகே விசிறி சுழலும். அந்த எண்ணைச் சுழியாக்குவதுதான் முடக்குதல். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் அவற்றின் சமிக்ஞை தரைக்கு வந்து சேரும்போது மிக மெலிந்திருக்கும். அதே அலைவரிசையில் தரையிலிருந்து கொஞ்சம் உரத்த இரைச்சலை அனுப்பினால் அது மூழ்கிவிடும். இரைச்சலுக்குப் பதிலாகப் பொய்யான சமிக்ஞையை அனுப்பி, ட்ரோன் தான் வேறோரிடத்தில் இருப்பதாக நம்பவைப்பது இதனினும் நுட்பமான வேலை.

முடக்குபவருக்கும் தப்பிப்பவருக்கும் நடக்கும் இந்தப் போட்டியில் வாரக்கணக்கில் நிலைமை புரள்கிறது. 2024 முதல் உக்ரைன் களத்தில், வானொலி அலையே வேண்டாம் என்று ஒளியிழைக் கம்பியின் வழியாக ஓட்டும் ட்ரோன்கள் வந்துவிட்டன. பத்து கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள இழை, தூண்டில் நரம்பைப் போலச் சுருளிலிருந்து அவிழ்ந்துகொண்டே போகும்; அதை எந்த இரைச்சலாலும் முடக்க முடியாது. பல கோடிச் செலவில் வாங்கிய முடக்கு கருவியை ஒரு கண்ணாடி இழை பயனற்றதாக்கிவிட்டது. ஐந்தாண்டுத் திட்டம் போட்டு, டெண்டர் விட்டு, சோதித்து வாங்கும் எந்தப் படையும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறும். இன்றைய போரில் மிகக் கடினமான பிரச்சினை இதுதான் என்பது என் கருத்து. ஆயுதம் வாங்கும் அலுவலக நடைமுறையும் போரின் ஒரு பகுதியாகிவிட்டது.

ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் போருக்கும் தொடர்பு உண்டா?

ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று தடுப்பது பாதுகாப்புக்காக; அங்கிருந்து ஏவப்படுபவற்றில் பெரும்பாலானவை படைசாராத பயன்பாட்டுக்கு உரியவை. ஆனால் படைகளுக்கு உதவுபவையும் உண்டு. மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் படம் எடுக்கும் ரிசாட்-2 2009 ஏப்ரலிலும், விமானப்படைக்கான ஜிசாட்-7ஏ 2018 டிசம்பரிலும் அங்கிருந்தே போயின. 2019 ஜனவரி 24 அன்று அனுப்பிய மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளை இந்தியாவே அதே ஆண்டு மார்ச் 27 அன்று, ஒடிசா கடற்கரைத் தீவிலிருந்து ஏவிய ஏவுகணையால் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் தகர்த்துக் காட்டியது. மிஷன் சக்தி என்ற இந்தச் சோதனைக்கு முன் அத்தகைய ஆற்றலை நிரூபித்திருந்தவை அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகிய மூன்று நாடுகளே.

செயற்கைக்கோளை உடைக்காமலும் முடக்கலாம். உக்ரைன் படையெடுப்பு தொடங்குவதற்குச் சற்று முன்பு, வையாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையச் சேவை மீது சைபர் தாக்குதல் நடந்தது. உக்ரைன் படையின் தொடர்பு குலைந்ததோடு, போருக்குச் சம்பந்தமே இல்லாத ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதியும் அறுந்தது. அந்த இடத்தை நிரப்ப, ஸ்பேஸ்எக்ஸ் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் வந்தது. ஒரு நாட்டின் படைத்தொடர்பு ஒரு தனியார் நிறுவனத்தின் விருப்பத்தைச் சார்ந்திருக்கும் நிலையை இதற்கு முன் எந்தத் தளபதியும் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அரக்கோணத்திலிருந்து பறக்கும் பெரிய ஆளில்லா விமானம் எந்த வகை?

அரக்கோணத்தின் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை வான்தளத்தில், நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்களோடு, 2020-இல் குத்தகைக்கு எடுத்த எம்க்யூ-9பி விமானங்கள் இரண்டும் இருந்தன. அவற்றுள் ஒன்று 2024 செப்டம்பரில் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த மாதமே 31 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் ஆனது. அகன்ற கடலை நாள் முழுவதும் கண்காணிக்க இதற்கு ஈடில்லை. ஆனால் வான் பாதுகாப்பு உள்ள இடத்தில் இதே குடும்பத்து விமானங்களை ஹூதிகள் பல முறை வீழ்த்தியிருக்கிறார்கள். எல்லா ட்ரோனும் மலிவு என்று எண்ணிவிடக் கூடாது.

இனிக் காலாட்படைக்கு வேலை இருக்காதா? என் மகன் அக்னிவீரில் சேர்ந்து பயன் உண்டா?

காலாட்படைக்கு வேலை குறையவில்லை, கடினமாகியிருக்கிறது. ட்ரோன்கள் நிறைந்த உக்ரைனில்தான் முதல் உலகப் போரைப் போன்ற பதுங்குகுழிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. பீரங்கிக் குண்டுகள் போதாமல் ஐரோப்பியத் தொழிற்சாலைகள் திணறின. ஆள் பற்றாக்குறையால் 2024-இல் உக்ரைன் கட்டாயப் படைச்சேர்ப்பின் குறைந்த வயதை 27-இலிருந்து 25 ஆக்கியது. நம் நாட்டிலேயே 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில், அணுஆயுதம் வைத்திருக்கும் இரண்டு நாடுகளின் வீரர்கள், துப்பாக்கியைப் பயன்படுத்துவதில்லை என்ற உடன்பாட்டின் காரணமாகத் தடியாலும் கல்லாலும் மோதி, இந்தியத் தரப்பில் மட்டும் 20 பேர் உயிரிழந்தனர். நிலத்தைப் பிடிப்பதும் காப்பதும் இன்னும் மனிதரின் வேலையாகவே இருக்கிறது.

அக்னிவீர்களைப் படையில் சேர்க்கும் அக்னிபத் திட்டம் 2022 ஜூனில் அறிவிக்கப்பட்டது. பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன்பின் 25 விழுக்காட்டினர் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவர் என்பது விதி. சேரலாமா என்பது குடும்பத்தின் முடிவு. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் போகிறவர்களின் குடும்பங்களைப் போல, ஓய்வூதியத்தை நம்பித் திட்டமிடுகிறவர்கள் இந்த 25 விழுக்காட்டை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். சேர்வதானால் மின்னணுவியல், பழுதுபார்ப்பு, ட்ரோன் இயக்கம் போன்றவற்றில் ஐடிஐ அல்லது டிப்ளமோ தகுதியோடு போவது நல்லது. ஓட்டத்தில் தேறுவதற்கு மட்டும் உழைத்துவிட்டுப் படிப்பைக் கைவிடும் பழக்கம் நம் பக்கத்தில் அதிகம்.

இயந்திரமே ஆளைத் தேர்ந்து கொல்லும் காலம் வந்துவிட்டதா?

பாதி வந்துவிட்டது. முடக்கு கருவியால் தொடர்பு அறுந்தாலும், கடைசிச் சில நூறு மீட்டர் தூரத்தை ட்ரோனே இலக்கைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு கடக்கும் வசதி ஏற்கெனவே களத்தில் இருக்கிறது. முடக்குதல் வலுக்க வலுக்க இயந்திரத்தின் கையில் முடிவை விடும் தூரமும் கூடும். அறநெறிக் குழுக்கள் கூடிப் பேசி எடுத்த முடிவால் அல்ல, களத்தின் நெருக்கடியால்தான் இது நடக்கிறது. தானியங்கி ஆயுதங்கள் பற்றி 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்தை இந்தியா எதிர்த்து வாக்களித்தது. இதைப் பேசுவதற்கு உரிய மன்றம் ஜெனீவாவில் ஏற்கெனவே இருக்கிறது என்பது இந்தியாவின் நிலைப்பாடு. நேர்முகத் தேர்வில் இதைக் கேட்கிறார்கள். இரு பக்க வாதத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கோ நடக்கும் போருக்கு இங்கே ஏன் விலை ஏறுகிறது?

இந்தியா இறக்குமதி செய்யும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது; 2022 மார்ச்சில் எண்ணெய் பாக்கெட் விலை ஏறியதற்குக் காரணம் அதுவே. பொருளாதாரத்தைக் குறிவைப்பது புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னையில் சுட்டது கோட்டையை அல்ல, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைத்தான். அடுத்த சில நாள்களில் பட்டணத்தை விட்டு ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். 2019 செப்டம்பர் 14 அன்று சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலையைத் தாக்கிய ட்ரோன்களும் ஏவுகணைகளும் அந்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழப் பாதியைச் சில நாள்களுக்கு நிறுத்தின.

போர்ச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பலாமா?

வேண்டாம். கணினி விளையாட்டுக் காட்சிகள் உக்ரைன், காஸா, 2025 மே மோதல் என்று ஒவ்வொரு முறையும் உண்மைப் படங்களாகச் சுற்றின. எதிரியின் குழப்பத்தை நாமே இலவசமாகப் பரப்பிக் கொடுக்கிறோம். குறிப்பாக, ரயிலில் போகும் படை வாகனங்களை அரக்கோணம் சந்திப்பில் படம் எடுத்துப் போடுவதை நிறுத்துங்கள். அது பொய்ச் செய்தியை விடக் கெடுதல்.

எங்கள் ஊரில் ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டுமா?

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை முன்அனுமதி தேவையில்லை. மஞ்சள் பகுதிக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியும், சிவப்புப் பகுதிக்கு மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனுக்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. வயலில் மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோனுக்குச் சான்றிதழும் பதிவெண்ணும் கட்டாயம். அரக்கோணம் தளத்தையும் ஸ்ரீஹரிகோட்டாவையும் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள், திருமணத்துக்குப் படம் எடுக்கக் கேமராக்காரரை அமர்த்தும்போதுகூட, அரசின் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையில் உள்ள வரைபடத்தில் தங்கள் ஊரின் நிறத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். ஓட்டியவர் மீதுதான் வழக்கு வரும் என்றாலும், விசாரணைக்கு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவரையும் அழைக்கக்கூடும்.